போகிப் படையலில் ஒரு கெபாயா

மலாக்கா சென்ட்ரல் நிலையத்தில் பேருந்து நின்றபோது காலை பத்தரை மணி. கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்; வழிநெடுக இரு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். அன்று 2025 ஜனவரி 13, போகி. ஊரில் பழைய பாயும் துடைப்பமும் எரிந்த புகை இந்நேரம் வாசலைவிட்டுப் போயிருக்கும். அம்மா கூடத்தைக் கழுவிவிட்டு, பாட்டியின் படத்துக்கு முன்னால் வைக்க வாங்கிய புதுப்புடவையின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்திருப்பாள். திருவண்ணாமலைப் பக்கத்தில் எங்கள் வீட்டில் போகியன்று மாலைதான் பெரியவர்களுக்குத் துணி வைத்துக் கும்பிடுவது. அந்த நாளில் நான் வீட்டில் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

என்னை வரச் சொன்னவள் என் தோழி, கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. முந்தின நாள் கோலாலம்பூர் நெசவு அருங்காட்சியகத்தில் நான் கெபாயாக்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டு, "கண்ணாடிக்குள்ள இருக்கிறதப் பார்த்துட்டு ஊருக்குப் போயிடாதீங்கக்கா. மலாக்காவுக்கு வாங்க. செட்டி வீட்டுல நாளைக்குப் பார்ச்சு, முன்னோருக்குப் படையல். உடுத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவங்களையே பார்க்கலாம்" என்றாள்.

கெபாயா என்பது முன்பக்கம் திறந்த மேல்சட்டை. உடம்போடு ஒட்டி இறங்கி, இடுப்புக்குக் கீழே முன்பக்கத்து இரு முனைகளும் கூராக முடியும். ஓரமெல்லாம் பூத்தையல். அதற்குக் கீழே பாத்தேக் சாரோங். நம்மூரில் பாடிக் என்போமே, அதே மெழுகுச்சாயத் துணிதான். 2024 டிசம்பரில் பராகுவே நாட்டு அசுன்சியோன் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, கெபாயாவை அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து என 5 நாடுகள் ஒன்றாக விண்ணப்பித்துப் பெற்றது அது. ஓர் உடையை எனக்கு மட்டும் என்று ஒருவரும் பிடுங்காமல், ஐந்து பேரும் எங்களுக்கு என்று கேட்டது எனக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் நான் வந்த காரணம் வேறு. மலாக்காச் செட்டிகள் தமிழ் வழி வந்தவர்கள். சைவர்கள். பிள்ளையாரும் மாரியம்மனும் அவர்கள் தெய்வம். தாலி கட்டிக் கல்யாணம் செய்கிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்களின் பரம்பரை உடை மட்டும் புடவை இல்லை, கெபாயாவும் சாரோங்கும். ஏன் புடவை விட்டுப்போயிற்று என்ற கேள்வியோடுதான் பேருந்து ஏறினேன். கைப்பையில் அந்த வீட்டுப் பாட்டிக்குக் கொடுக்க ஓர் ஆரணிப் பட்டும் இருந்தது.

செட்டி என்றதும் நமக்குக் காரைக்குடி நினைவு வரும். இவர்கள் அவர்கள் அல்லர். நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் வட்டிக்கடை வைக்க மலாயா வந்தவர்கள். மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டு வந்து, கணக்கு முடித்து ஊர் திரும்பியவர்கள். மலாக்காச் செட்டிகள் அவர்களுக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டு மூத்தவர்கள். மலாக்கா சுல்தான்களின் ஆட்சி நடந்த 15ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் துணி ஏற்றி வந்த வணிகர்களின் வழி. காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் காத்திருந்தவர்கள், அங்கேயே பெண் கட்டினார்கள். மலாய்ப் பெண், ஜாவாப் பெண், சீன வழிப் பெண் என்று யார் யாரோ. கப்பலில் வந்தவர்கள் ஆண்கள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கோயிலும் குலப்பெயரும் தாலியும் அப்பன் வழி வந்தன. அடுப்படியும் பேச்சும் உடுப்பும் அம்மா வழி வந்தன.

1511இல் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், 1641இல் டச்சுக்காரர், 1824 ஒப்பந்தத்தோடு ஆங்கிலேயர். மூன்று கொடிகள் மாறியும் இவர்கள் இருந்தார்கள். டச்சு ஆட்சியில் செட்டிகளின் தலைவராக இருந்த தெய்வநாயகம் செட்டிக்குக் கிடைத்த நிலத்தில் 1781இல் எழுந்தது பொய்யாத விநாயகமூர்த்தி கோயில். மலேசியாவில் இன்றும் பூசை நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயிலாக அதைக் கருதுகிறார்கள். ஊர் நடுவே பொற்கொல்லர் தெருவில், ஒரு பள்ளிவாசலுக்கும் சீனக் கோயிலுக்கும் அருகே இருக்கிறது. முதலில் அங்கே இறங்கி ஒரு கற்பூரம் ஏற்றினோம். சுற்றுலா வந்த கூட்டம் தெருவில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தது. 2008இல் மலாக்கா உலகப் பாரம்பரிய நகரமானது முதல் இந்தத் தெருக்களில் கூட்டத்துக்குக் குறைவில்லை. அதில் காஜா பெராங் வரைக்கும் போகிறவர்கள் மிகச் சிலர்.

காஜா பெராங் சாலையில் செட்டிக் கிராமம். கிராமம் என்று பெயரே தவிர, சில தெருக்களும் கொஞ்சம் வீடுகளும்தான் மிச்சம். ஓரத்தில் அடுக்குமாடிக் கட்டடம் ஓங்கி நிற்கிறது. ஆனால் உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது வாசல்தோறும் மாவிலைத் தோரணம். ஓட்டு வீடுகள், முன்னால் திண்ணை. திண்ணைக்கு அவர்கள் பேச்சிலும் திண்ணைதான். மலாயில் பேசும் இந்த மக்களின் வாயில் இப்படிப் பத்து இருபது தமிழ்ச் சொற்கள் கூழாங்கல் மாதிரிக் கிடந்து மின்னுகின்றன. பொதுவாக மலாய் மொழியிலேயே கப்பலுக்குக் 'கப்பால்', கடைக்குக் 'கெடாய்', கட்டிலுக்குக் 'காத்தில்'. நம் சொற்கள் அங்கே போய் ஐந்நூறு ஆண்டு வேலை செய்திருக்கின்றன.

பாட்டிக்கு வயது 79. மலாயில் பாட்டி 'நேனேக்'. என் தோழி அப்படித்தான் அழைத்தாள், நானும் அப்படியே அழைத்தேன். எங்களைக் கண்டதும் நேனேக் திண்ணையிலிருந்து எழுந்து வந்து என் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். நெற்றியில் விபூதிக் கீற்று. நரைத்த தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தது. இளநீலத்தில் கெபாயா, செம்மண் நிறத்தில் சாரோங். அன்று பார்ச்சு என்பதால் விடியற்காலையே உடுத்திவிட்டதாகச் சொன்னாள். மற்ற நாள்களில் வீட்டில் பழைய சாரோங்கும் பனியன் சட்டையும்தானாம்.

அந்தக் கெபாயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணி, நம்மூரில் வாயில் புடவை என்று சொல்லும் அதே மெல்லிய பருத்தி. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப்பக்கம் தெரியும். கழுத்திலிருந்து இரு முனைகள் வரைக்கும் கொடியும் பூவும் ஓடியது. பூவின் நடுவில் துணியை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டையின் விளிம்பைச் சுற்றி இழை போட்டிருந்தார்கள். அது துளைத்தையல், அவர்கள் மொழியில் 'தெபோக் லுபாங்'. இத்தனையும் கைத்தையல் என்று நினைத்தேன். இல்லை, மிதி இயந்திரம். அழுத்துக் கட்டையைக் கழற்றிவிட்டு, துணியை வளையத்தில் இறுக்கி, கால் ஒரு கதியில் மிதிக்க, இரண்டு கையாலும் வளையத்தை ஊசிக்கடியில் நகர்த்த வேண்டும். ஊசி நகராது, துணிதான் பூவைத் தேடிப் போக வேண்டும். நேனேக்கின் அக்கா இப்படித் தைத்தே நான்கு தங்கைகளுக்குக் கல்யாணக் கெபாயா கொடுத்திருக்கிறாள். அக்கா போய்ப் பல ஆண்டாகிறது. சிங்கர் இயந்திரம் இன்னும் கூடத்து மூலையில் இருக்கிறது, மேலே ஒரு பூத்துணி போட்டு.

கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது. முன்பக்கத்தை மூன்று நகை ஊசிகள் சேர்த்துப் பிடிக்கின்றன. கெரொங்சாங் என்று பெயர். மேலே இருக்கும் பெரியது தாய், கீழே வரும் இரண்டும் பிள்ளைகள். நேனேக்கின் மருமகள் அதை எனக்குக் காட்டக் குனிந்தபோது, தாய்க் கெரொங்சாங்கின் பின்னால், சட்டைக்குள், தாலிக்கொடி தெரிந்தது. ஐந்நூறு ஆண்டுக் கதையை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது என்று பட்டது.

கெபாயா யாருடையது என்று கேட்டால் ஒரு வாயில் பதில் வராது. சொல் அரபியிலிருந்து வந்தது என்பார்கள். வெட்டும் உடுத்தும் முறையும் ஜாவாவிலும் மலாய்க் கடற்கரையிலும் வளர்ந்தவை. ஜாவாவில் இருந்த டச்சுக்காரப் பெண்கள் வெள்ளைக் கெபாயாவின் ஓரத்தில் ஐரோப்பிய லேஸ் பின்னலைச் சேர்த்தார்கள். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூரில் குடியேறிய சீன வணிகர் வழி வந்த பெரானாக்கான் சமூகத்து ஞோஞாப் பெண்கள் அதில் பூத்தையலை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். 1968இல் மலேசியா-சிங்கப்பூர் விமான நிறுவனம் பியர் பால்மேன் என்ற பிரெஞ்சுத் தையற்கலைஞரைக் கொண்டு பணிப்பெண்களுக்குச் சாரோங் கெபாயா வடிவமைத்தது. மலேசியப் பிரதமராக இருந்த அப்துல்லா அகமது படாவியின் மனைவி எண்டோன் மகமூது, தான் சேர்த்த ஞோஞாக் கெபாயாக்களை வைத்து ஒரு நூலே வெளியிட்டார். 2008இல் சிங்கப்பூரில் வந்த 'தி லிட்டில் ஞோஞா' தொடர் கெபாயாவை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. இத்தனை புகழிலும் செட்டிப் பெண்களின் பெயர் கடைசியில்தான் வருகிறது, வந்தால்.

நேனேக்கின் பேத்தி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள், பார்ச்சுக்காக முந்தின இரவுப் பேருந்தில் வந்திருந்தாள். "ஆபீஸ்ல கெபாயா போட்டுட்டுப் போனா, நீ சீனப் பெரானாக்கானா, கலர் கொஞ்சம் கம்மியா இருக்கேன்னு கேக்குறாங்க" என்றாள். வலி தெரியாமல் சொல்லப் பழகியிருந்தாள். பாட்டி காலத்திலும் இதே கதைதான். பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகள் நேனேக்கை மலாய்க்காரி என்றார்கள். மலாய்ப் பிள்ளைகள் கோயிலுக்குப் போகிறவள் என்று தள்ளி நின்றார்கள். "சாமி கும்பிட்டா இந்த வீடு, வாய் திறந்தா அந்த வீடு. நான் நடுவுல திண்ணையில உட்கார்ந்துக்கிட்டேன்" என்று நேனேக் சொன்னதாகத் தோழி மொழிபெயர்த்தாள்.

அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். புடவை ஏன் கட்டுவதில்லை?

நேனேக் பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய் அலமாரியைத் திறந்து காட்டினாள். கீழ்த்தட்டில் புடவைகள் இருந்தன, ஆறேழு, கடைப்பையிலிருந்து பிரிக்காமல். இந்தியாவிலிருந்து பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனவை. எல்லோரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்களாம். தான் மூன்று முறை புடவை கட்டியதாகச் சொன்னாள்: கோயிலில் தாலி ஏறியபோது, மகன் கல்யாணத்தில், பேத்தியின் சடங்கில். கட்டிவிட ஆள் வேண்டியிருந்தது. நாளெல்லாம் முந்தானையைப் பிடித்தபடியே இருந்தாளாம். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "நீ உடுத்தியிருக்கிறது உன் பாட்டி உடுத்தியதா?" என்றாள்.

நான் சுடிதார் போட்டிருந்தேன்.

அந்தக் கேள்வி என்னை ஊருக்கே கொண்டுபோய் நிறுத்தியது. என் பூட்டி ரவிக்கை இல்லாமல் சேலை கட்டியவள்; அவளுடைய ஒரே படத்தில் அப்படித்தான் இருக்கிறாள். பாட்டி எட்டு கெஜத்தில் பின்கொசுவம் வைத்துக் கட்டினாள். கொசுவம் பின்னால் இருந்தால்தான் நாற்று நடக் குனிய முடியும் என்பாள். அம்மா ஆறு கெஜம், முன்கொசுவம், உள்பாவாடை, ரவிக்கை. இன்று 'தமிழ்ப் பெண்ணின் பாரம்பரிய உடை' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது அம்மாவின் தலைமுறையில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் உடை வடக்கிலிருந்து வந்தது, நாற்பது ஆண்டுக்குள். நான்கு தலைமுறையில் நான்கு உடை. ஆனாலும் எங்களைப் பார்த்து, நீங்கள் தமிழர்தானா என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி நேனேக்குக்கு மட்டும் ஏன் வைக்கப்படுகிறது? எங்கள் மாற்றத்தை வளர்ச்சி என்றும் அவர்கள் மாற்றத்தை இழப்பு என்றும் எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது நியாயமே இல்லை. நான் கொண்டுபோன கேள்வியும் அந்தப் பழக்கத்தில் பிறந்ததுதான்.

என் தோழி இன்னொன்று சொன்னாள். அவள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். "பாட்டி புடவை கட்டி நான் பார்த்ததெல்லாம் தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும்தான்க்கா. மத்த நாளு பாத்தேக் கைலி, மேல ஆம்பளச் சட்டை, தலையில முண்டாசு. இருட்டுல கொசுக்கடியில மரம் வெட்டப் போறவங்க புடவையா கட்டுவாங்க?" செட்டிகள் வந்து நாலு நூற்றாண்டு கழித்து, அதே மண் தோட்டத் தமிழச்சிக்கும் அதே சாரோங்கைத்தான் கொடுத்திருக்கிறது.

சாரோங்கை அந்நியம் என்பதும் பாதி உண்மைதான். நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் கைலிக்குப் பெயர் சாரம். இலங்கைத் தமிழரும் சாரம் என்கிறார்கள். மலாயிலிருந்து வந்து நம் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்ட சொல் அது. எதிர்த்திசையிலும் ஒன்று போயிருக்கிறது. மலாய் ஆண்கள் தொழுகைக்கு உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது நம் பழவேற்காடு. ஆங்கிலத்தில் 'புலிகாட்' என்று எழுதும், டச்சுக்காரர் கோட்டை கட்டிய அந்த ஏரிக்கரை ஊரிலிருந்து மூட்டை மூட்டையாகத் துணி போன காலத்தின் முத்திரை, அந்தப் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழவேற்காட்டில் இன்று மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நின்று இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

1512 முதல் சில ஆண்டுகள் மலாக்காவில் இருந்த தொமே பிரேஸ் என்ற போர்ச்சுக்கீசிய மருந்தாளர் எழுதிவைத்த குறிப்புகளில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்து இறங்கும் துணியும் அதைக் கொண்டுவந்த நம் வணிகர்களின் செல்வாக்கும் வருகின்றன. தீவுகளுக்கென்றே தனியாக இங்கே அச்சிட்டும் எழுதியும் சாயமிட்ட துணிகள் இருந்தன. இரு முனையிலும் கூர்கூரான முக்கோண வரிசை வைத்த அந்தத் துணிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். நேனேக்கின் சாரோங்கை மருமகள் விரித்துக் காட்டியபோது, நடுவே செங்குத்தாக ஒரு அகலப் பட்டை ஓடியது. அதற்குத் 'தலை' என்று பெயர், மிச்சத்துக்கு 'உடல்'. தலையின் இரு ஓரத்திலும் கூர் நோக்கிக் கூராக முக்கோணங்கள். அவர்கள் அதை மூங்கில் குருத்து என்கிறார்கள். என் கண்ணுக்குக் காஞ்சிபுரத்துக் கோபுரக் கரை தெரிந்தது. நான் அதைச் சொன்னதும் நேனேக் மெல்ல விரலால் ஒவ்வொரு முக்கோணமாகத் தொட்டுக்கொண்டே போனாள், எண்ணுவது போல.

மாலை நாலு மணிக்குப் பார்ச்சு வேலை சூடு பிடித்தது. முன்னோருக்குப் படைக்கும் இந்தச் சடங்கு அவர்களுக்கு ஆண்டில் இரண்டு முறை. போகியன்று பொங்கல் பார்ச்சு. ஆண்டின் நடுவில் பழங்கள் காய்க்கும் காலத்தில் பழப் பார்ச்சு. கூடத்தில் பெரியவர்களின் படங்களுக்கு முன்னால் வாழையிலைகளை ஒன்றன்மேல் ஒன்று ஓரம் ஏறும்படி பரப்பினார்கள். தேங்காய்ப்பால் சோறு, சம்பல், மீன், கோழி, காய்கள், பலகாரங்கள், பழங்கள். தாத்தாவுக்குப் பிடித்த காப்பி ஒரு குவளையில். மசாலாவும் மணமும் வேறு. இலை போட்ட விதம், குத்துவிளக்கு, சாம்பிராணி, பெரியவர் பெயர் சொல்லி அழைத்துக் கண் கலங்குவது எல்லாம் எங்கள் வீட்டுக் கூடம்.

நேனேக் உள்ளே போய், ஒரு துணிப்பையிலிருந்து மடித்த கெபாயா ஒன்றை எடுத்து வந்தாள். வெள்ளையாக இருந்து பழுப்பேறியது, ஓரத்தில் லேஸ் பின்னல். அவள் அம்மாவுடையது. அம்மாவின் படத்துக்குக் கீழே, இலைக்குப் பக்கத்தில், ஒரு தாம்பாளத்தில் அதை வைத்து மேலே மூன்று கெரொங்சாங்கையும் வரிசையாக வைத்தாள். அவ்வளவு நேரம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த தோழி பேசாமல் இருந்தாள். எனக்கும் மொழி தேவைப்படவில்லை. வட மாவட்டங்களில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ போய்ச்சேர்ந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். படமோ சிலையோ கிடையாது. புதுச்சேலையும் பூவும்தான் அவள் உருவம். செத்துப்போன ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூப்பிட நமக்குத் தெரிந்த ஒரே வழி, அவளுக்கு ஒரு துணி எடுத்து வைப்பது. அந்தக் கூடத்தில் நடந்ததும் அதுதான். துணி மட்டும் வேறு. எனக்குத் தெரிந்தவரை, அங்கே ஐந்நூறு ஆண்டாக விட்டுப்போகாதது ஒன்று உண்டென்றால் இதுதான்.

என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு நேனேக் தோழியிடம் ஏதோ கேட்டாள். "உங்க வீட்டுலயும் இன்னிக்கு இது உண்டான்னு கேக்குறாங்கக்கா." உண்டு என்றேன். பாட்டிக்குத் துணி வைப்போம் என்றேன். நேனேக் யோசிக்கவில்லை. தாம்பாளத்தைச் சற்று நகர்த்திப் பக்கத்தில் ஓர் இலைத்துண்டு போட்டு, அந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

கைப்பையிலிருந்து ஆரணிப் பட்டை எடுத்தேன். அலமாரியைப் பார்த்தபிறகு கொடுக்க மனம் வராமல் வைத்திருந்த புடவை. மஞ்சள் எங்கே என்று நான் தேடும் முன்னே மருமகள் ஒரு கிண்ணத்தில் குழைத்துக் கொண்டுவந்தாள். ஓரத்தில் தொட்டுவைத்து, அந்தக் கெபாயாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். நேனேக் என் பாட்டியின் பெயரைக் கேட்டாள். சொன்னேன். அவள் தன் அம்மாவின் பெயரோடு அந்தப் பெயரையும் சேர்த்து அழைத்தாள். பாட்டியின் பெயர் அவள் நாக்கில் கொஞ்சம் மலாயாகத்தான் வந்தது. பிறகு எல்லோரும் திண்ணைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டோம், அவர்கள் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரத்தில் பேத்தி தன் கெபாயாவைக் காட்டினாள். கடையில் வாங்கியது, கணினி போட்ட பூத்தையல். பாட்டியின் அக்கா தைத்ததற்குப் பக்கத்தில் வைத்தால் பூவெல்லாம் ஒரே அளவாக, உயிரில்லாமல் இருக்கிறது. அவளுக்கும் அது தெரியும். மிதி இயந்திரத்தில் பூத்தைக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவள் கற்றுக்கொள்ள நினைக்கிறாள், விடுமுறையில் வந்து அந்த மூலையிலிருக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் போடப் போவதாகச் சொன்னாள். பட்டியலில் ஏற்றுவதும் விருது கொடுப்பதும் நல்லதுதான். கால் மிதிக்கவும் கை வளையம் நகர்த்தவும் ஒருத்தி உட்காராவிட்டால் அந்தப் பட்டியலால் ஒரு பூவைக்கூடப் போட முடியாது. நம் ஊரில் கண்டாங்கிக்கும் சுங்குடிக்கும் நேர்ந்துகொண்டிருப்பதும் இதுதான். புவிசார் குறியீடு இருக்கிறது, கைவேலைக்கு உட்கார அடுத்த தலைமுறை இல்லை.

கதவைத் திறந்து உள்ளே போனதும் நேனேக் முதலில் அம்மாவின் கெபாயாவைக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்தாள். பிறகு புடவையை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் தயங்கினேன், அவளுக்கென்று வாங்கியது. அவள் தலையாட்டினாள். படைத்த துணியை அந்த வீட்டுப் பெண் உடுத்த வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவளுக்கும் அது சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. மறுநாள் பொங்கலன்று மலாக்காவில் பால் பொங்கியபோது நான் அந்தப் புடவையைத்தான் கட்டியிருந்தேன். பாட்டியைப் போல் பின்கொசுவம் வைக்கப் பார்த்து, வராமல், முன்கொசுவமாகவே கட்டினேன். அம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும். பின்கொசுவம் கட்டத் தெரிந்தவர்களில் எங்கள் வீட்டில் அவள் ஒருத்திதான் மிச்சம், அவளும் பாட்டிக்குக் கட்டிவிட்டுப் பழகியவள்.

மலாக்கா போகிறவர்கள் சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் ஜோங்கர் தெருவோடு திரும்பிவிடாதீர்கள். காஜா பெராங்குக்கும் போங்கள். போகிக்குப் போகலாம். மே மாதத்தில் டத்தோ சாச்சார் என்று மாரியம்மனுக்கு அவர்கள் எடுக்கும் திருவிழாவுக்கும் போகலாம். அம்மை நோய்க்குப் பயந்து வேண்டிக்கொண்ட அம்மன், சாச்சார் என்றாலே மலாயில் அம்மை. அன்று கெபாயா உடுத்திய பெண்கள் கோயிலுக்கு நடந்து வருவார்கள். படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். புடவை வாங்கிக்கொண்டு போக வேண்டாம், அலமாரியில் இடமில்லை. ஏன் புடவை கட்டுவதில்லை என்று கேட்கவும் வேண்டாம். இந்தப் பூவை யார் தைத்தது என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அந்தத் திண்ணையில் இன்னும் ஆள் இருக்கிறார்கள்.